ஒரு மணி என்றால் ஒரு மணி

ஓய்வு பெற்றவர்கள் எழுதவேண்டிய கட்டுரை இது. அதற்கு வேண்டிய தகுதிகளில் நரைமுடி, பென்சன், முழங்கால் வலி ஆகிய மூன்றும் என்னிடம் இல்லை. வயது இருபத்தொன்பது. ஆனாலும் போன இலையுதிர்காலத்தில் ஒரு வேலையிலிருந்து முறைப்படி விலகி, பூங்கொத்து வாங்கி, மேசை லாச்சியின் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஏழு பருவங்கள் பார்த்த வேலை. இப்போது அதைச் செய்பவர் சுமித்ரா. மதுரையிலிருந்து வந்து டோர்ட்முண்டில் இயந்திரவியல் படிக்கும் மாணவி. இரண்டு கிழமைக்கு முன் அவர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, தமிழ் ஷீட்ல டைம் என்ன போடறது? ஜெர்மன் டைமா, நம்ம டைமா?"

அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஜேர்மனியின் றூர் பகுதியில், ஹம் நகருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்கும் நடுவில், மணல் அள்ளி முடிந்துபோன ஒரு பெரிய பள்ளத்தில் ஸ்ரொக் கார் ஓட்டம் நடக்கும். தொலைக்காட்சியில் காட்டும் அமெரிக்க ஓட்டங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஓடுபவை வீதிக்கு உதவாது என்று கழித்துவிட்ட பழைய கார்கள். கண்ணாடிகள் கழற்றப்பட்டு, கதவுகள் வெல்டிங்கில் மூடப்பட்டு, உள்ளே சாரதியைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூடு கட்டப்பட்டிருக்கும். முட்டை வடிவ மண்பாதையில் இருபது சுற்று. இடிக்கலாம். சாரதியின் கதவுப் பக்கம் மட்டும் இடிக்கக் கூடாது. ஓட்டுபவர் பேக்கரிக்காரராக இருப்பார், கூரை வேய்பவராக இருப்பார், தொழிற்சாலைத் தொழிலாளியாக இருப்பார். பார்க்க வருபவர்கள் அவர்களுடைய அயலவர்கள்.

ஒவ்வொரு ஓட்ட வாரத்துக்கும் முன்னால் கழகம் எட்டுப் பக்க முன்னோட்டம் ஒன்று வெளியிடும். புதன்கிழமை அது பெற்றோல் நிலையங்களிலும் பேக்கரிகளிலும் இருக்கும். யார் யார் ஓடுகிறார்கள், எந்தக் காரில், போனமுறை எது உடைந்தது, எத்தனை மணிக்கு என்ன, எங்கே நின்று பார்க்கலாம், எங்கே நின்றால் உடுப்புத் தோய்க்கவேண்டி வரும். அதை எழுதுவதுதான் என் வேலை.

நான் படித்தது தொழில்நுட்ப வரைபடம். மூன்றரை வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி: பென்சில், மை, கோடு, மறுபடியும் கோடு. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது முடிந்த வருடம், நகரசபைக்குக் கொடுக்கும் ஒரு விண்ணப்பத்துக்காகக் கழகத்துக்குப் பந்தயப் பாதையின் வரைபடம் தேவைப்பட்டது. என் அலுவலகம் என்னை ஓர் அளவு நாடாவோடு அனுப்பியது. பாதை, வேலி, மலசலகூடம், சொசேஜ் கடை எல்லாவற்றையும் ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில் வரைந்து கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்தவர் கழகத்தின் செயலாளர், பிறவு நோவாக். பிறவு என்றால் திருமதி.

"சொசேஜ் கடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டதையும் போட்டிருக்கிறியே, பிள்ளை," என்றார். "ஞாயிற்றுக்கிழமையளில உனக்கு என்ன வேலை?"

அவர் ஜேர்மனில் சொன்னதை யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். றூர் பக்கத்து ஜேர்மனை வேறு எந்தத் தமிழில் போட்டாலும் அது பிறவு நோவாக் பேசியதாக இருக்காது.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கார் ஓட்டத் தெரியாது. பந்தயத்துக்குச் சைக்கிளில் வருவார். நான் எழுதிக் கொடுத்த முன்னோட்டத்தின் மேல் ஒரு மர அடிமட்டத்தை வைத்து வரிவரியாக வாசிப்பார். சரியான வரியில் அடிமட்டம் கீழே நகரும். பிழையான வரியில் நிற்கும். அவர் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். பிழை எதுவென்று நானே கண்டுபிடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே மழை தொடங்கி, பெய்து, விட்டும் விட்டது.

அவரிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. முன்னோட்டத்தில் "வெல்வார்" என்ற சொல் வரக்கூடாது. "அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஓடுறவனுக்கும் தெரியாது. தெரிஞ்சதை எழுது. நேரம் தெரியுமெல்லே? நேரத்தை எழுது."

வேலை முறை இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை ஒவ்வொரு சாரதிக்கும் தொலைபேசி எடுத்து ஏழு கேள்விகள் கேட்பேன். காரின் எண் மாறியதா? எஞ்சின் மாறியதா? போனமுறை உடைந்தது திருத்தியாயிற்றா? திருத்தியது யார்? வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்? காரின் கூரையில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது? யாரோடாவது கோபமா? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் "ஒருத்தரோடையும் இல்லை" என்பார்கள். பிறகு பத்து நிமிடம் பேசுவார்கள். முன்னோட்டத்தில் பாதி அந்தப் பத்து நிமிடங்களிலிருந்து வந்தது.

நானாகச் சேர்த்த ஒன்று உண்டு: சேற்றுக் கோடு. முதல் வருடத்திலேயே, மண் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். பழைய கட்டில் விரிப்புகளை வேலியிலிருந்து ஒரு மீற்றருக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, ஓட்டம் முடிந்ததும் புள்ளிகளை எண்ணினேன். கிழக்கு வளைவில் பதினெட்டு மீற்றர், மற்ற இடங்களில் பதினொன்று. வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டு, "இதற்கு உள்ளே வெள்ளை உடுப்பு வேண்டாம்" என்று எழுதினேன். பிறவு நோவாக்கின் அடிமட்டம் அந்த வரியில் நிற்காமல் நகர்ந்தது. அவரிடமிருந்து நான் பெற்ற மிகப் பெரிய பாராட்டு அது.

தமிழ்த் தாள் வந்ததும் சேற்றினால்தான்.

எங்கள் சாரதிகளில் ஒருவர் தமிழர். எண் நாற்பத்தேழு, மஞ்சள் கார், றெஜி அண்ணை. மன்னார்க்காரர். ஹம்மில் ஒரு தொழிற்சாலையில் தகரம் அழுத்தும் இயந்திரத்தில் வேலை. கூட வேலை செய்த ஒருவர் முதுகு வலியால் ஓட்டத்தை நிறுத்தியபோது காரை இவருடைய தலையில் கட்டிவிட்டுப் போனார். றெஜி அண்ணை மற்றவர்களைப் போல ஓட்டமாட்டார். இடிக்க வருபவருக்கு வழிவிடுவார். வந்த வேகத்தில் அவர் வேலியில் போய் மாட்டிக்கொள்ள, இவர் கையைக் காட்டிவிட்டுப் போவார். இப்படியே நாலாவதாக வருவார், சில நாள் மூன்றாவதாக. முதலாவதாக ஒருநாளும் வந்ததில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு கத்தோலிக்கத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. அது முடிந்ததும் அவருடைய மனைவி செல்வராணி அக்காவும் உறவுக்காரரும் பூசைக்கு வந்த பாதிச் சனமும் நேரே மணல் பள்ளத்துக்கு வருவார்கள். பூசைக்குப் போட்ட பட்டுச்சேலையோடு வருவார்கள். வந்து கிழக்கு வளைவில்தான் நிற்பார்கள், ஏனென்றால் அங்கே இடம் எப்போதும் காலியாக இருக்கும். காலியாக இருப்பதன் காரணம் முதல் சுற்றிலேயே விளங்கியது.

"ஜெசி, இதைத் தமிழில எழுதித் தந்தால் என்ன?" என்று செல்வராணி அக்கா, மாம்பழ நிறச் சேலையில் ஒட்டிய சேற்றைக் காட்டிக் கேட்டார். எழுதினேன். கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் வரைபடப் பேனையால் கையெழுத்தில் எழுதி, நகலெடுத்து, கோவில் வாசலிலும் தமிழ்க் கடையிலும் வைத்தேன். ஒரு தாள், இரண்டு பக்கம்.

முதல் தாளில், றெஜி அண்ணையின் ஓட்டம் பிற்பகல் இரண்டு மணி என்று உள்ளபடி எழுதினேன். சனம் மூன்று மணிக்கு வந்தது. அண்ணை காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடி முடிஞ்சுதோ?" என்றார் செல்வராணி அக்கா. "இப்பதானே மூண்டு மணி!"

அடுத்த தாளில் ஒரு மணி என்று போட்டேன். ஒன்று ஐம்பதுக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். அதிலிருந்து எல்லா நேரங்களையும் ஒரு மணித்தியாலம் முன்தள்ளியே எழுதிவந்தேன். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எங்களுடைய கலியாண வீடும் பிறந்தநாளும் நடப்பது இப்படித்தான். அழைப்பவர் ஒரு மணித்தியாலம் குறைத்துச் சொல்வார், வருபவர் ஒரு மணித்தியாலம் கூட்டி வாசிப்பார், கணக்குச் சரியாக வரும்.

கடைசிப் பருவத்துக்கு வருகிறேன்.

பருவம் முடியும் செப்டெம்பரில் நட்சத்திர வார இறுதி நடக்கும். சனிக்கிழமை நேர ஓட்டமும் சிறு ஓட்டங்களும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நட்சத்திர ஓட்டம், பன்னிரண்டு கார்கள் மட்டும். பதினொரு பேர் அந்த வருடம் ஏதாவது ஓர் ஓட்டத்தை வென்றவர்கள். பன்னிரண்டாவது காரை இரசிகர்கள் தெரிவுசெய்வார்கள். வெல்லாதவர்களில் ஐந்து பேரின் எண்கள் எழுதிய ஐந்து எண்ணெய் டிரம்கள் வாசலில் நிற்கும். நுழைவுச்சீட்டின் பாதியைக் கிழித்து, விரும்பியவருடைய டிரம்மில் போட வேண்டும். ஞாயிறு ஒரு மணிக்கு டிரம்கள் மூடப்படும்.

அந்த வருடம் ஐவரில் ஒருவர் றெஜி அண்ணை. செவ்வாய்க்கிழமை ஏழு கேள்விகளையும் கேட்டு முடித்ததும், கேட்காத ஒன்றையும் சொன்னார்.

"தங்கச்சி, ஒக்டோபரிலயிருந்து எனக்குச் சனி ஞாயிறிலதான் வேலை போட்டிருக்கினம். இனி ஓட ஏலாது. அந்தப் பன்னிரண்டுக்குள்ள ஒருக்கா நிண்டிட்டன் எண்டால் காணும். பிறகு காரை இரும்புக்குப் போடலாம்."

"வெல்லவேண்டாமோ அண்ணை?"

"வெல்லுறதைப் பற்றி ஆர் கதைச்சது? நிக்கோணும்."

அவருக்கு வாய்ப்பிருந்தது. ஜேர்மன்காரர்களுக்கும் அவரைப் பிடிக்கும். எதிரில் இருந்தவர்களில் பலமானவர் ஊவே என்ற பேக்கரிக்காரர். தன் கடையில் பாண் வாங்கிய எல்லோருக்கும் அவர் தன் எண்ணை நினைவூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சனம் வந்து சீட்டைப் போட்டால் றெஜி அண்ணை உள்ளே போவார். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கிழமைதான் பிறவு நோவாக் தமிழ்த் தாளைக் கையிலெடுத்தார். ஏழு வருடத்தில் அவர் அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. தமிழ் தெரியாதவர், இலக்கம் தெரிந்தவர். ஜேர்மன் தாளைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் அடிமட்டத்தை வைத்தார். அடிமட்டம் நின்றது. யன்னலைப் பார்த்தார்.

"டிரம் மூடுற நேரம், ஜேர்மன் தாளில பதின்மூண்டு மணி," என்றேன் கடைசியில். "தமிழ்த் தாளில பன்னிரண்டு."

"ஏன்?"

விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உன்ர சனத்துக்கு நீ ஏழு வருசமாய்ப் பொய் எழுதிக் குடுத்திருக்கிறாய்."

"அவைக்கு அது தெரியும், பிறவு நோவாக்."

"தெரிஞ்சால் அது இன்னும் மோசம். முன்னோட்டத்தில நிச்சயமாய்த் தெரிஞ்சது நேரம் ஒண்டுதான். அதிலயும் பொய் எண்டால் மிச்சத்தை ஏன் வாசிக்கவேணும்? மாத்து."

அவர் சொன்னது நியாயம். மாற்றினேன். மாற்றியதால் என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆகவே மூன்று ஏற்பாடுகள் செய்தேன். ஒன்று, பிற்பகல் ஒரு மணி என்பதைக் கட்டம் போட்டு எழுதினேன். இரண்டு, தமிழ்க் குடும்பங்கள் இருபத்துமூன்றுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மூன்றாவதுதான் என் வாழ்நாளின் மிகப் பெரிய தொழில்நுட்பப் பிழை. தாளின் அடியில், தடித்த எழுத்தில், அடிக்கோடும் இட்டு எழுதினேன்: "நிகழ்ச்சிகள் குறித்த நேரத்தில் தொடங்கும்."

இதை வாசிக்கும் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்கள் அழைப்பிதழ்களில் இந்த வரி இல்லாத அழைப்பிதழ் கிடையாது. இந்த வரி இருந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துப் போகலாம் என்பது ஊரறிந்த விஷயம். நானும் அப்படித்தான் போவேன். ஆனால் எழுதும்போது ஒருவருக்கும் அது நினைவு வருவதில்லை.

தொலைபேசி உரையாடல்கள் இப்படிப் போயின.

"அண்ணை, இந்தமுறை போட்டிருக்கிறது மெய்யான நேரம்."

"ஓம் ஓம், பிள்ளை. தெரியும்." சிரிப்பு.

"இல்லை அண்ணை, சத்தியமாய்."

"நாங்களும் மண்டபம் எடுத்தால் அப்பிடித்தானே சொல்லுறனாங்கள்."

செல்வராணி அக்காவுக்கும் எடுத்தேன்.

"ஜெசி, எனக்குமோ இந்தக் கதை?" என்றார். "அவரும் காலமையிலயிருந்து இதைத்தான் சொல்லுறார். கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்னை வேளைக்கு வெளிக்கிடுத்த அந்த மனுசன் சொல்லாத நேரமில்லை. நீ யோசியாதை. இது அவற்ற கடைசி ஓட்டம். எல்லாரையும் இந்தமுறை நேரத்தோட கூட்டிக்கொண்டு வாறன்."

நேரத்தோடு என்று அவரே சொன்னபிறகு எனக்கு மனம் ஆறியது. இருபத்துமூன்று பெயர்களுக்கும் எதிரே சரி அடையாளம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பதினொரு மணிக்கு வாசல் திறந்தது. டிரம்களுக்குப் பக்கத்தில் மூடிகளோடு நிற்பது என் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்கு றெஜி அண்ணை ஓட்ட உடுப்போடு வந்து வாசலில் நின்றார். வருபவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். சில ஜேர்மன்காரர் அவர் கண்ணுக்கு முன்னாலேயே சீட்டை நாற்பத்தேழாம் டிரம்மில் போட்டு முதுகில் தட்டினார்கள்.

பன்னிரண்டரை வரையில் வந்த தமிழர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர் ஒரு ஜேர்மன் நண்பரின் காரில் வந்தவர்கள். நேரத்தைத் தீர்மானித்தது அவர்களல்ல.

"வந்திடுவினம்," என்றார் அண்ணை.

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி, "றோட்டில நெரிசலாக்கும்," என்றார். வீதி தூரம்வரை வெறுமையாகக் கிடந்தது.

ஐந்து நிமிடம் இருக்கையில் நான் பிறவு நோவாக்கிடம் ஓடினேன். "கொஞ்சம் பொறுக்கலாமோ? அவையள் வருவினம். எனக்கு நிச்சயமாய்த் தெரியும்."

"எத்தினை மணிக்கு?"

நான் வீதியைப் பார்த்தேன்.

"ஒரு மணி எண்டு எழுதினது ஆர், பிள்ளை?"

"நான்."

"ஒரு மணி எண்டால் ஒரு மணி. அதை நம்பி வந்த சனம் உள்ள நிக்குது."

சங்கு ஊதியது. மூடிகளைப் போட வேண்டியவளும் நான்தான். ஐந்து டிரம்களை மூட வழக்கமாக ஒரு நிமிடம் எடுக்கும். அன்று நான்கு நிமிடம் எடுத்தேன். ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் துடைத்தேன். நாற்பத்தேழைக் கடைசியாக மூடினேன். பிறவு நோவாக் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெளியே பார்க்க யன்னல் இல்லாத இடத்தில், வானத்தைப் பார்த்தார்.

ஒரு மணி பத்துக்கு முதல் கார் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று, கடைசியில் வாடகைக்குப் பிடித்த ஒரு சிறு பஸ். சோற்றுப் பானை, பாய், குடை, மடிப்புக் கதிரைகள், குழந்தைகள். செல்வராணி அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையை உயர்த்தினார். அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன்.

"பாத்தியோ ஜெசி! ஒண்டு எண்டு போட்டால் ரெண்டுதானே, ஐம்பது நிமிசம் முந்தியே வந்திட்டம்!"

எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. அறுபத்துமூன்று பேர்.

ஊவேயிடம் றெஜி அண்ணை தோற்றது பத்தொன்பது சீட்டுகளால்.

செய்தியைச் சொன்னபோது செல்வராணி அக்கா கையிலிருந்த அறுபத்துமூன்று சீட்டுகளையும் பார்த்தார். எல்லோருக்கும் சேர்த்து அவரே வாங்கியிருந்தார். அவற்றை ஒழுங்காக அடுக்கிக் கைப்பையில் வைத்தார். றெஜி அண்ணை தலைக்கவசத்தைக் கழற்றிக் காரின் இருக்கையில் வைத்தார். கதவு வெல்டிங் செய்யப்பட்ட கார் அல்லவா, யன்னல் வழியாகக் குனிந்துதான் வைக்கவேண்டும். வைத்தவர் உடனே நிமிரவில்லை.

அப்போது பிறவு நோவாக் அங்கே வந்தார்.

"ஓட்டத்துக்கு முன்னால பாதையை நனைக்கவேணும்," என்றார் றெஜி அண்ணையிடம், எங்கோ பார்த்தபடி. "தண்ணி பவுசர் ஓட்டுற ஆளைக் காணேல்லை. உமக்கு ஓட்டத் தெரியுமோ?"

பவுசர் என்கிற அந்தத் தண்ணீர் லொறியை ஓட்டுபவர் பத்து அடி தள்ளி, எல்லோரும் காணும்படி, சொசேஜ் தின்றுகொண்டு நின்றார். அவரும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படியாக, நட்சத்திர ஓட்டத்தின் பாதையில், பன்னிரண்டு கார்களும் வரிசையில் காத்திருக்க, றெஜி அண்ணை பவுசரில் மூன்று சுற்று வந்தார். அறுபத்துமூன்று பேரும் வேலியோரம் எழுந்து நின்று கத்தினார்கள். பவுசரை முந்த ஒருவரும் இல்லாததால் அவர் முதலாவதாகவே வந்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் எண் நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டு, பிறகு தன்னைத் திருத்திக்கொண்டார்.

ஒரு விஷயத்தை அந்த நேரத்தில் நான் கவனிக்கவில்லை. கிழக்கு வளைவில் பவுசர் கொஞ்சம் கூடுதலாக மெதுவாகப் போயிருக்கிறது. மூன்று சுற்றிலும். ஓட்டம் தொடங்கிப் பன்னிரண்டு கார்களும் அந்த வளைவில் திரும்பியபோது, ஏழு வருடத்தில் முதல் தடவையாக என் சேற்றுக் கோடு பிழையாகிப் போனது. மூன்று மீற்றர். கோட்டுக்கு வெளியே ஒரு மீற்றர் தள்ளி, முழு நம்பிக்கையோடு நின்றவர்கள் இரண்டு பேர்: பிறவு நோவாக், நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாய் நனைச்சிருக்கிறார்," என்றார்.

பின்னேரம் றெஜி அண்ணை காரை ஏற்றும்போது நான் போய் நின்றேன்.

"அண்ணை, பிழை என்னிலதான். அந்த வரியைப் போட்டிருக்கக் கூடாது."

"எந்த வரி?"

"குறித்த நேரத்தில் தொடங்கும் எண்டது."

அவர் கயிற்றை இறுக்குவதை நிறுத்தினார். "அதைப் போட்டனியோ?"

"தடிச்ச எழுத்தில."

"அப்ப அவையள் வந்ததே பெரிய காரியம்," என்றார். வேறு நாளென்றால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். அன்று சிரிக்கவில்லை. கயிற்றை முடிந்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எனக்கு ஸ்ருட்கார்ட்டில் முழுநேர வேலை கிடைத்தது. பூங்கொத்தும் சாவியும் நடந்தது அப்போதுதான். பிறவு நோவாக் அடிமட்டத்தை எனக்கே தந்துவிட்டார். மாரிகாலம் முழுவதும் அது என் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நாற்பத்தேழாம் டிரம்மின் மூடி நினைவு வந்தது.

சித்திரை மாதம் ஓர் அழைப்பிதழ் வந்தது. றெஜி அண்ணையின் மகளுக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஹம்மில் மண்டபம், மாலை ஐந்து மணி. அடியில் வழக்கமான அந்த வரி. அதற்கும் கீழே பேனையால்: "ஜெசிக்கு மட்டும். இது மெய்யான நேரம். றெஜி."

போன ஞாயிறு போனேன். ரயில் நேரத்துக்கு வந்தது. நாலு ஐம்பதுக்கு மண்டப வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் இருந்தவை: வெறுமையான ஒரு சைக்கிள் நிறுத்துமிடம், மூடியோடு ஒரு குப்பைத்தொட்டி, பரிசுப் பொதியோடு நான். ஐந்து மணியாயிற்று. ஐந்து பத்தாயிற்று. ஐந்தேகாலளவில் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது.

ஐந்து இருபத்தைந்துக்கு றெஜி அண்ணை வந்தார். ஒரு கையில் மண்டபச் சாவி, மறுகையில் தேத்தண்ணிப் போத்தல்.

"எத்தினை மணிக்கு வந்தனி?"

"நாலு ஐம்பது, அண்ணை."

"நான் அண்டைக்கு வாசலில நிண்டது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும். உன்னையும் அவ்வளவும் விடத்தான் நினைச்சனான். செல்வராணி விடேல்லை. பிள்ளை ஸ்ருட்கார்ட்டிலயிருந்து வருது, தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குடுங்கோ எண்டு கலைச்சுவிட்டிட்டாள்." படியில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தார். "நம்பிட்டியோ?"

"உங்கட கையெழுத்து இருந்ததே அண்ணை."

"உன்ர தாளும் கையெழுத்துத்தானே. அதை ஒருத்தரும் நம்பேல்லை. என்ரையை நீ நம்பிட்டாய்." இப்போது சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு ஒரு மாரிகாலம் முடிந்தது.

தேத்தண்ணி குடிக்கையில் சுமித்ராவின் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் யோசித்தார்.

"சரியான நேரத்தையே போடச் சொல்லு. அந்த மனுசி சொன்னது சரி. ஆனால் அந்தத் தடிச்ச வரி மட்டும் வேண்டாம். அதுக்குப் பதிலாய் வேணுமெண்டால், போன வருசம் றெஜி பவுசர் ஓட்டினவர் எண்டு போடச் சொல்லு. எல்லாரும் வந்திடுவினம்."

சுமித்ரா, உங்களுக்கான பதில் இதுதான். அடிமட்டத்தைத் தபாலில் அனுப்புகிறேன்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் முதல் கார் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. சோற்றுப் பானையோடு செல்வராணி அக்கா இறங்கினார். எல்லோரும் உள்ளே போனோம். விழா குறித்த நேரத்தில் தொடங்கியது.